தொலைக்காட்சித் திரையைத் துடைத்தபின் கோடு விழுந்துவிட்டது: எந்தத் திரவம் வாங்குவது?

கேள்வி (12 அக்டோபர் 2024, காலை)

நேற்று ஆயுத பூஜைக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, என் அம்மா எங்கள் 43 அங்குல எல்இடி தொலைக்காட்சியின் திரையில் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பீய்ச்சி, பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இரவு பெட்டியைப் போட்டபோது கீழிருந்து மேலாக மூன்று கோடுகள் தெரிந்தன. திரவத்தில் இருக்கும் ரசாயனம்தான் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பாகத்தைக் கெடுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இனிமேல் எந்தத் திரவத்தை வாங்க வேண்டும்?

12 அக்டோபர், மாலை

முதலில் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கோடு போய்விட்டதா என்று அரைமணி நேரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் முழுக்க, மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டவே கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை இருந்தாலும், கோடு விழுந்ததற்கு அது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். தொலைக்காட்சி, மானிட்டர் பழுது பார்க்கும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில் இதே புகாருடன் பெட்டிகள் வரும். அவற்றைக் கழற்றிப் பார்த்தால், திரையின் முன்பக்கம் பளிச்சென்று நன்றாகவே இருக்கும். கீழ்ச் சட்டத்துக்குள்தான் ஈரத் தடம் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் பேனல் கண்ணாடியின் விளிம்பிலிருந்து சிறு சிப்புகள் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் ஓடி, சட்டத்துக்குள் இருக்கும் பலகையோடு சேரும். பல பெட்டிகளில் அந்த விளிம்பு கீழ்ப்பக்கம்தான். நாடாவில் உள்ள இணைப்புக் கம்பிகள் தலைமுடியை விட மெல்லியவை. அடுத்தடுத்து நெருக்கமாக ஓடுபவை. பீய்ச்சிய திரவம் துளித் துளியாகச் சேர்ந்து வழிந்து, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே இறங்கிவிடும். அந்த ஈரத்தோடு மின்சாரமும் பாய்ந்தால் கம்பி அரிக்கப்படும். ஒரு கம்பி போனால் ஒரு கோடு விழும். ஒரு நாடாவே போனால் திரையில் ஒரு பட்டையே இருண்டுவிடும்.

நீலத் திரவத்துக்குப் பதில் குடிதண்ணீரைப் பீய்ச்சியிருந்தாலும் இதே கோடுகள் விழுந்திருக்கும். ஆகவே எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், திரவத்தை எங்கே ஊற்றுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். எதுவானாலும் துணியில்தான் படவேண்டும். திரையில் நேரடியாக ஒரு துளிகூடப் படக்கூடாது.

12 அக்டோபர், இரவு

துணி எவ்வளவு ஈரமாக இருக்கலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நனைத்த துணியை நன்றாகப் பிழிந்தபின் புறங்கையில் ஒருமுறை தடவிப் பாருங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும். ஆனால் தோலில் படிந்த ஈரம் நான்கைந்து நொடிக்குள் தானாகவே மறைந்துவிட வேண்டும். மறையாமல் மினுமினுத்துக்கொண்டே இருந்தால் அந்தத் துணியைத் திரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

13 அக்டோபர்

நேற்று கோபத்தோடு எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அந்த அம்மாவின் மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்தது பழைய பெட்டிக்கு முற்றிலும் சரியான முறை.

2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகளைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவை படக்குழாய்ப் பெட்டிகள். அவற்றின் முகப்பு தடித்த கண்ணாடி. உள்ளே இருந்த உயர் மின்னழுத்தத்தால் கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியை அணைத்தவுடன் கையை அருகில் கொண்டுபோனால் ரோமம் சிலிர்க்கும். அந்தக் கண்ணாடியை ஈரச் செய்தித்தாளால் அழுத்தித் துடைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இருபது ஆண்டு கையோடு ஊறிய பழக்கம் அது.

இன்றைய எல்இடி தொலைக்காட்சியின் முகப்பில் விரல் படுவது பெரும்பாலும் கண்ணாடியே அல்ல. ஒளியை ஒரு திசைக்கு வடிகட்டும் போலரைசர் என்ற படலம் அது. அயோடின் ஏற்றி இழுக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் தாளை, இருபுறமும் மெல்லிய பாதுகாப்புப் படலங்கள் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெளிப் படலம் வழக்கமாக செல்லுலோஸ் அசிடேட் வகையைச் சேர்ந்தது. எதிரொளி விழாமல் இருப்பதற்காக அதன் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். 2011 முதல் மாணவர்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகளைப் போன்ற மங்கல் திரைகளில் இந்தச் சொரசொரப்பைத்தான் பார்க்கிறோம். அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மழமழவென்று ஆகி, விளக்கொளியில் ஒரு திட்டாகத் தெரியும். அதைப் பழையபடி ஆக்க என்னிடமும் வழியில்லை, எந்தக் கடையிலும் வழியில்லை.

அந்தப் படலத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குப் பின்னால், படத்தை உருவாக்கும் திரவப் படிகம் நிற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. விரலால் அழுத்தினால் நிறம் குளத்து அலைபோல் விரிவதைப் பார்த்திருப்பீர்கள்; அந்த அளவு அழுத்தம் துடைப்பதற்கு ஒருநாளும் தேவைப்படாது.

ஆல்கஹாலைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். எந்தத் திரையிலும் ஆல்கஹால் வேண்டாம் என்பதே என் பதில்.

15 அக்டோபர்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுவதே நேர்மை.

2009-இல் ஒருவர் மானிட்டர் கொண்டுவந்தார். பவர் சப்ளையில்தான் கோளாறு. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். திரையின் மூலையில் ஸ்டிக்கர் ஒட்டிய கோந்து கறுப்பாகப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கேட்காமலேயே அதையும் எடுத்துக் கொடுக்கலாம் என்று, பட்டறையில் இருந்த தின்னரைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். கோந்து உடனே கரைந்தது. பஞ்சை எடுத்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படலம் பால்போல் வெளுத்திருந்தது. ஊதிப் பார்த்தேன், தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், உலர உலர வெண்மை கூடிக்கொண்டே போனது. தின்னரிலும் நகப்பூச்சு நீக்கியிலும் இருக்கும் அசிடோன், அசிடேட் படலத்தைக் கெடுக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாத வருமானத்தில் அவருக்கு வேறு மானிட்டர் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அதன் பிறகு கோந்து ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுப்பதோடு சரி. பத்து முறை செய்தால் போய்விடுகிறது. போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

16 அக்டோபர்

13-ஆம் தேதி எழுதிய ஒரு வரியைத் திருத்த வேண்டும். எந்தத் திரையிலும் ஆல்கஹால் வேண்டாம் என்று எழுதியது தவறு. கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இங்கே சுட்டிக்காட்டியது முழுக்கச் சரி.

கைப்பேசியின் முகப்பு உண்மையான கண்ணாடி. அதுவும் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி வலுவேற்றிய கண்ணாடி. கண்ணாடியில் இருக்கும் சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்கார்வதால் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. ஆல்கஹாலால் அந்தக் கண்ணாடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதன்மேல் பூசியிருக்கும் எண்ணெய் ஒட்டாப் பூச்சை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். முன்பு ஆல்கஹாலைத் தவிர்க்கச் சொல்லிவந்த ஆப்பிள் நிறுவனம், கொரோனா பரவிய 2020 மார்ச்சில் தன் அறிவுரையை மாற்றி, 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துடைப்புத் தாளால் மெதுவாகத் துடைக்கலாம் என்றது. பிளீச்சிங் கலந்தவை கூடாது, துளைகளில் ஈரம் போகக் கூடாது, எந்தத் திரவத்திலும் முக்கக் கூடாது என்பவை அப்படியே நீடிக்கின்றன.

ஆகவே இப்படித் திருத்திக்கொள்கிறேன்: கைப்பேசி, கண்ணாடி முகப்புள்ள டேப்லெட் ஆகியவற்றில் கிருமிக்காக எப்போதாவது 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் பயன்படுத்தலாம்; தயாரித்தவர்கள் தரும் குறிப்பேடு அனுமதித்தாலன்றிப் படலம் போர்த்திய தொலைக்காட்சி, மானிட்டர், மடிக்கணினித் திரைகளில் வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் இரண்டு வகைக்கும் வேண்டாம். 99 விழுக்காடு ஆல்கஹால்தான் இன்னும் நன்றாகக் கிருமியைக் கொல்லும் என்று நினைத்து அதை வாங்கவும் வேண்டாம். கூடவே தண்ணீர் இருந்தால்தான் அது சட்டென்று ஆவியாகாமல் நின்று வேலை செய்யும்.

கை கழுவும் சானிடைசரை அப்படியே திரையில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்த சானிடைசரில் 80 விழுக்காடு எத்தனாலோடு 1.45 விழுக்காடு கிளிசராலும் 0.125 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். கிளிசரால் தோல் வறளாமல் இருக்கச் சேர்ப்பது, அது ஆவியாகாது. ஆல்கஹால் போனபின் அது திரையிலேயே தங்கி, தேய்க்கத் தேய்க்க வானவில்போல் இழுசிக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தவற்றைத் தவிர்க்கும்படி ஆப்பிள் அறிவுரையிலேயே இருக்கிறது.

19 அக்டோபர்

சந்தனத்தையும் குங்குமத்தையும் எப்படி எடுப்பது என்று கேள்வி கேட்டவர் திரும்பவும் எழுதியிருக்கிறார். ஒரு வாரமாக யாரும் தொடவில்லையாம். அது நல்லதுதான்.

காய்ந்த சந்தனம் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவுடன் நகத்தால் சுரண்டத்தான் கை போகும். கல்லில் உரைத்த சந்தனமானால் மரத்தூளோடு கல்லின் பொடியும் அதில் இருக்கும். திருநீறு இன்னும் மோசம். சாணச் சாம்பலில் மணற்சத்து உண்டு. கண்ணாடியின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. கைப்பேசிக் கண்ணாடியில் விழும் மெல்லிய கீறல்கள் பலவற்றுக்கு இந்த மணல்தான் காரணம். துணி அதைப் பிடித்து இழுத்துச் செல்லும் வாகனம் மட்டுமே. படலத் திரையோ கண்ணாடியைவிடப் பலமடங்கு மென்மையானது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டுத் திரையின் கீழ் விளிம்பு நெடுக ஒரு காய்ந்த துணியை மடித்துச் செருகிவிடுவேன். ஏதாவது வழிந்தாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். பின்பு, கேமரா லென்ஸுக்கு விற்கும் ரப்பர் ஊதுகுழலால் உதிரும் பொடியை ஊதிவிடுவேன். ஈரத் துணியின் ஒரு முனையைச் சந்தனத்தின்மேல் தொட்டாற்போல் வைத்துக் காத்திருப்பேன். சந்தனம் ஊறி, நிறம் கருத்து, ஓரம் நெகிழ்ந்துவரும். அப்போது துணியைத் தேய்க்காமல் நேராகத் தூக்கினால், ஒற்றியெடுத்ததுபோல் பாதி வந்துவிடும். துணியின் வேறு முனையால் மறுபடியும் வைக்க வேண்டும். ஒருமுறை தொட்ட முனை திரும்பத் திரையைத் தொடக்கூடாது. ஒரு பொட்டுக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகும்.

குங்குமத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமத்தின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கரைந்த சாயம் படலத்தின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பரவினால் பொட்டு அளவு இருந்த கறை உள்ளங்கை அளவாகிவிடும். கடைக் குங்குமத்தில் இருக்கும் செயற்கைச் சாயமும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே இதை உலர்ந்த பொடியாகவே எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஊதி எடுத்துவிட்டு, அதன்பிறகுதான் ஈரம் காட்ட வேண்டும்.

20 அக்டோபர்

துணி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் இலவசமாகத் தரும் சிறு துணியே கைப்பேசிக்குப் போதும். தொலைக்காட்சிக்குக் கார் துடைக்க விற்கும் பெரிய மைக்ரோஃபைபர் துணியைப் புதிதாக வாங்கி, அதற்கென்றே தனியாக வையுங்கள். பாலியஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழையைப் பல கீற்றுகளாகப் பிளந்து அதைச் செய்கிறார்கள். அந்தக் கீற்றுகளுக்கு நடுவில்தான் தூசியும் பிசுக்கும் போய்ப் பதுங்கும். துணி மிருதுவாக்கும் திரவத்தில் அலசினால் அந்த இடைவெளிகள் அடைந்து போய், அதன்பின் துணி பிசுக்கை எடுக்காமல் பூசிவிடும். பட்டறைகளில் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட்டில் (பனியன் துணிக் கழிவில்) தையல், பிசிறு, சிலவேளை இரும்புத்தூள்கூட இருக்கும். நாங்களே அதைத் திரைக்குத் தொடுவதில்லை.

2 நவம்பர்

தீபாவளிக்கு மறுநாள் வந்த கைப்பேசிகள் எல்லாவற்றிலும் பலகார எண்ணெய். கைப்பேசியில் பூசியிருக்கும் எண்ணெய் ஒட்டாப் பூச்சைப் பற்றி முன்பு பாதியில் விட்டுவிட்டேன். ஃபுளோரின் சேர்ந்த மூலக்கூறுகளால் ஆன அந்தப் பூச்சு, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் காலத்திலிருந்து இது பரவலாயிற்று. பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு துளித் தண்ணீர் விட்டால் உருண்டு முத்தாக நிற்கும். தேய்ந்த இடத்தில் தட்டையாகப் படர்ந்துவிடும். என் கைப்பேசியில் கட்டைவிரல் ஓடும் வலது கீழ்ப் பகுதியில் மட்டும் துளி படர்கிறது. விரல் பட்டே தேயும் பூச்சு அது என்றால், பற்பசை போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பற்பசையில் இருப்பது சிலிக்கா, சுண்ணாம்புத் தூள் போன்ற உராய்பொருள். கீறல் அதனால் போகாது, பூச்சுதான் போகும்.

இது தண்ணீர் புகாத கைப்பேசிதானே, குழாயில் காட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். அந்தத் தரச் சான்று புதுக் கைப்பேசியை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்துத் தருவது. சோப்பு நீருக்கும், ஒருமுறை காம்போ (தொடுபரப்பும் திரையும் சேர்ந்த பாகம்) மாற்றிய கைப்பேசிக்கும் அது பொருந்தாது.

9 நவம்பர்

எந்தத் தண்ணீர் என்பதைச் சொல்லவில்லையே என்று கேட்டது நியாயம். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். அது சுண்ணாம்பு, மக்னீசிய உப்பு. வடித்த நீர் இருந்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் வீட்டு ஆர்ஓ நீரே போதும். இன்வெர்ட்டருக்கு விற்கும் பேட்டரித் தண்ணீரை வாங்குகிறவர்கள் கவனமாக இருங்கள். அதே கடையில், அதே மாதிரி கேனில், பேட்டரி ஆசிட்டும் இருக்கும். கேனின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, கடைக்காரரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள். கந்தக அமிலம் திரையை மட்டுமா கெடுக்கும், கையையும் கண்ணையும் கெடுத்துவிடும்.

30 நவம்பர்

கேள்வி கேட்டவர் விவரம் எழுதியிருக்கிறார். இரண்டு நாள் உலரவிட்டபின் மூன்று கோடுகளில் இரண்டு போய்விட்டன. ஒன்று அப்படியே நிற்கிறது. நாடாவைக் கழற்றிப் புதிதாக ஒட்டும் பாண்டிங் வேலை செய்யலாமா என்று கேட்கிறார். ஒரு கோட்டுக்காக நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கம்பிகள் போய்விடும் ஆபத்து உண்டு. பேனல் மாற்றினால் புதுப் பெட்டி விலையில் பாதிக்கு மேல் ஆகும். ஈரத்தால் வந்த கோளாற்றை வழக்கமான உத்தரவாதமும் ஏற்காது. அந்தக் கோடு பரவாத வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள்.

மடக்கும் கைப்பேசி வைத்திருப்பவருக்கு ஒரு வரி: உள்திரையின் மேலே இருப்பது பிளாஸ்டிக் படலம். 2019-இல் சாம்சங்கின் முதல் மடக்குக் கைப்பேசியை மதிப்பிடப் பெற்றவர்களில் சிலர், அந்தப் படலத்தை மேலே ஒட்டி வந்த உறை என்று நினைத்து உரித்ததில் திரையே செயலிழந்தது, வெளியீடும் தள்ளிப்போனது. அதை உரிக்கவும் வேண்டாம், மடிப்பின்மேல் அழுத்தவும் வேண்டாம்.

14 ஜனவரி 2025

போகிப் புகையின் கரி திரையில் படிந்திருக்கிறது, உடனே துடைக்கலாமா என்று இன்று காலை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உடனே துடைக்காதீர்கள். டயர், பிளாஸ்டிக் எரிந்த புகையின் கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். காய்ந்த துணியை வைத்து இழுத்தால் கறுப்புக் கோடாகத் தீற்றிவிடும். ஊதுகுழலால் ஊதி, பிழிந்த துணியை மேலிருந்து கீழாக ஒருமுறை எடையே இல்லாமல் கொண்டுவந்து, மடிப்பை மாற்றி அடுத்த பட்டைக்குப் போங்கள். என் பெட்டிக்கு இன்று எட்டு மடிப்புகள் தேவைப்பட்டன. எட்டாவது மடிப்பு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

கேள்வி கேட்டவரின் அம்மா, அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டை எங்கே வைப்பது என்று கேட்கச் சொன்னாராம். தொலைக்காட்சி நிற்கும் ஸ்டாண்டின் முன்விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கடையில் எல்லாப் பெட்டிக்கும் அங்கேதான் வைக்கிறோம்.